படகின் நேவிகேஷன் விளக்கு எரியாதபோது: எந்தச் சோதனையை நம்புவது, எந்தப் பழுதுநீக்கத்தைத் தேர்வது?

இரவில் எதிரே வரும் படகு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் விளக்குகள்தான் தெரிகின்றன. சிவப்பு தெரிந்தால் அதன் இடப்பக்கம் நம்மை நோக்கியிருக்கிறது, பச்சை தெரிந்தால் வலப்பக்கம், வெள்ளை மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் அது நமக்கு முன்னே விலகிச் செல்கிறது என்று கணித்து, அந்தக் கணிப்பை நம்பியே சுக்கானைத் திருப்புகிறோம். 1972இல் வகுக்கப்பட்டு 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருக்கும் கடல் மோதல் தவிர்ப்புக்கான பன்னாட்டு விதிகள், முன்னோக்கிய கம்ப விளக்குக்கு 225 பாகை, பக்க விளக்கு ஒவ்வொன்றுக்கும் 112.5 பாகை, பின்விளக்குக்கு 135 பாகை என்று வட்டத்தைப் பங்கிட்டுக் கொடுத்திருப்பது இந்தக் கணிப்பு பிழைக்காமல் இருப்பதற்காகத்தான். ஆகவே ஒரு விளக்கு அணைந்த படகு தன்னைப் பற்றித் தவறான செய்தியைச் சுற்றிலும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. எஞ்சினில் ஓடும் படகின் கம்ப விளக்கு அணைந்துவிட்டால், பக்க விளக்குகளை மட்டும் பார்ப்பவர் அதைப் பாயில் ஓடும் படகு என்று எண்ணுவார். பக்க விளக்குகள் அணைந்து, எல்லாத் திசைகளிலும் தெரியும் வெள்ளை விளக்கு மட்டும் எரிந்தால், நங்கூரமிட்டு நிற்கும் படகு என்று எண்ணுவார்.

இப்படிப்பட்ட பழுது வந்ததும் படகுக்காரர் இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. பழுது எங்கே இருக்கிறது என்பதை எந்தச் சோதனையால் கண்டறிவது என்பது முதலாவது. கண்டறிந்த பின் இணைப்பைச் சரிசெய்வதா, ஒயரை மாற்றுவதா, விளக்கையே மாற்றுவதா என்பது இரண்டாவது. பலர் இரண்டாவது முடிவை முதலில் எடுத்துவிடுகிறார்கள். புதிய விளக்கை வாங்கிப் பொருத்தி, அது ஒரு பருவம் எரிந்து, மறுபடியும் அணைந்த பிறகே ஒயரைப் பார்க்கிறார்கள். சோதனைகள் பலவற்றுள், விளக்கை எரியவிட்டபடியே மின்னழுத்தம் எங்கெங்கே எவ்வளவு இழக்கப்படுகிறது என்று அளப்பதே முதன்மையானது என்பதும், பழுதுநீக்கும் வழியை அந்த அளவுகளைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் என் முடிவு. அதற்கான காரணங்களை மற்ற வழிகளோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். இங்கே பேசப்படுவது 12 வோல்ட் நேர்மின்னோட்ட அமைப்பு. கரை மின்சாரம் இணைக்கப்பட்ட படகில் அதைத் துண்டித்த பிறகும், பெட்ரோல் எஞ்சின் உள்ள படகில் எஞ்சின் அறையைக் காற்றோட்டமாகத் திறந்துவைத்த பிறகுமே இவற்றுள் எதையும் தொடங்க வேண்டும்.

எந்தக் கருவியையும் கையில் எடுக்கும் முன், எந்தெந்த விளக்குகள் அணைந்திருக்கின்றன என்று நின்று பார்ப்பதற்குச் செலவில்லை. எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்திருந்தால் பழுது அவை அனைத்துக்கும் பொதுவான இடத்தில், அதாவது ஃபியூஸ், சுவிட்ச், பொது நெகட்டிவ் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கும். ஒன்று மட்டும் அணைந்திருந்தால் அது கிளை பிரிந்த இடத்துக்கு அப்பால் இருக்கும். மூன்றாவது ஒரு வகையும் உண்டு. அதைப் பலர் தவறவிடுகிறார்கள். கம்பத்தின் உச்சியில் ஒரே கூட்டில் இருக்கும் மூவண்ண விளக்கையும் (சிவப்பு, பச்சை, பின்பக்க வெள்ளை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது) நங்கூர விளக்கையும் எடுத்துக்கொள்வோம். ஒன்றின் சுவிட்சைப் போட்டதும் மற்றதும் சேர்ந்து மங்கலாக எரிந்தால், பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவான நெகட்டிவ் அறுந்திருக்கிறது அல்லது அரித்திருக்கிறது என்று பொருள். திரும்பும் வழி அடைபட்ட மின்னோட்டம் அடுத்த விளக்கின் வழியாக வேறொரு வழியைத் தேடிக்கொள்கிறது. இந்த அறிகுறியைக் கண்டவர் பாசிட்டிவ் பக்கத்தைத் தொடும் முன் நெகட்டிவைப் பார்க்க வேண்டும்.

சோதனை வழிகளின் ஒப்பீடு

எல்லோரும் முதலில் செய்வது பல்பை மாற்றிப் பார்ப்பது. அது தவறான தொடக்கம் அன்று. இழை அறுந்த பல்பைக் கண்ணாலேயே காணலாம். ஹோல்டரின் பித்தளைத் தொடுமுனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஆனால் இந்த வழி ஏமாற்றக்கூடியது. பல்பைக் கழற்றித் திருப்பி மாட்டும் அசைவிலேயே களிம்பு சற்று உராய்ந்து தொடர்பு கிடைத்துவிடும்; புதிய பல்பு எரியும்; பழைய பல்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு மூடிவிடுவோம். கழற்றிய பல்பை நேராக பேட்டரியில் தொட்டுப் பார்க்காமல் எறியக் கூடாது என்பதை நான் விதியாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பல்பு பேட்டரியில் பளிச்சென்று எரிந்தால் பழுது இன்னும் படகிலேயே இருக்கிறது.

அடுத்த வழி, மின்னழுத்தம், மின்னோட்டம், தடை மூன்றையும் அளக்கும் மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வைத்து, பல்பைக் கழற்றிய ஹோல்டரின் இரு முனைகளிலும் தொட்டுப் பார்ப்பது. மிகப் பரவலாகச் செய்யப்படும் சோதனை இதுதான். மிகுதியாகத் தவறான முடிவைத் தருவதும் இதுதான். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம். அது மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. வழியில் ஓர் இணைப்பு அரித்து அதன் மின்தடை 1,000 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் அதைப் பொருட்படுத்தாமல் பேட்டரியில் உள்ள 12.5 வோல்ட்டை அப்படியே காட்டும். ஆனால் அந்த இணைப்பு வழியே அதிகபட்சம் 12 மில்லிஆம்பியர் அளவுதான் போக முடியும். 25 வாட் பல்புக்கு வேண்டியதோ 2.1 ஆம்பியர், அதாவது அதைப்போல் நூற்றைம்பது மடங்குக்கும் மேல். ‘மின்சாரம் வருகிறது, பல்பும் நன்றாக இருக்கிறது, விளக்கு மட்டும் எரியவில்லை’ என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். மீட்டர் காட்டும் எண் சரியே. பாரம் இல்லாதபோது அளந்த எண்ணைப் பாரம் உள்ளபோதும் செல்லும் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை.

அந்தப் பிழைக்கு எளிய மாற்று, இரண்டு ஒயரும் கிளிப்புகளும் பற்றவைத்த ஒரு சாதாரணப் பல்பு, அதாவது டெஸ்ட் லாம்ப். மோட்டார் வண்டிகளில் வரும் 12 வோல்ட் 21 வாட் பல்பு இதற்குப் பொருத்தமானது, அது 1.75 ஆம்பியர் இழுப்பதால் உண்மையான நேவிகேஷன் விளக்கு சுமத்தும் அதே பாரத்தைச் சுமத்துகிறது. மீட்டர் 12.5 வோல்ட் காட்டிய அதே ஹோல்டரில் இதைத் தொட்டால் எரியவே எரியாது. உண்மை ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஒயரைப் பிடித்து அசைக்கும்போது விட்டுவிட்டு வரும் தொடர்பையும் இது மின்னிக் காட்டும். மீட்டரின் எண்கள் அந்த வேகத்துக்கு மாறுவதில்லை. கடைகளில் கிடைக்கும், உள்ளே சிறு எல்இடி வைத்த சோதனைப் பேனாக்களுக்கு இந்தச் சிறப்பு இல்லை; அவையும் மீட்டரைப் போலவே மின்னோட்டத்தை இழுக்காதவை என்பதால் அதே தவறான பதிலைச் சொல்லும். டெஸ்ட் லாம்ப்பின் குறை ஒன்றே. அது ‘உண்டு’, ‘இல்லை’ என்பதை உறுதியாகச் சொல்லும். ‘எவ்வளவு’ என்பதைச் சொல்லாது. 12.4 வோல்ட்டில் எரிவதையும் 11.2 வோல்ட்டில் எரிவதையும் கண்ணால் பிரித்தறிய முடியாது.

அந்த ‘எவ்வளவு’ ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். இழைப் பல்பின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை; ஏறக்குறைய அதன் 3.4ஆம் அடுக்கு விகிதத்தில் குறைகிறது. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஒளி 30 சதவீதம் போய்விடும். வழியில் ஒரே ஓர் ஓம் கூடுதல் தடை இருந்தால் 25 வாட் பல்புக்கு 10 வோல்ட் அளவே கிடைத்து, அதன் ஒளி ஏறத்தாழப் பாதியாகிவிடும். விதிகளின் முதல் பிற்சேர்க்கையில் உள்ள சூத்திரப்படி, 2 கடல் மைல் தெரிய வேண்டிய விளக்குக்கு 4.3 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) ஒளிச்செறிவு வேண்டும். அது பாதியானால் அந்த விளக்கு ஒன்றரை மைல் விளக்காகச் சுருங்குகிறது. எதிரெதிரே தலா 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வரும் இரண்டு படகுகளுக்கு அந்த இழந்த அரை மைல் என்பது 45 விநாடி. படகில் நின்று பார்க்கும் நமக்கோ அந்த விளக்கு ‘நன்றாகத்தான் எரிகிறது’.

இங்கேதான் நான் முதன்மையானது என்று சொன்ன சோதனை வருகிறது. விளக்கு மாட்டப்பட்டு, சுவிட்ச் போடப்பட்டு, மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும்போதே அளப்பது அதன் உயிர்நாடி. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மறுமுனையை விளக்கின் பாசிட்டிவ் தொடுமுனையிலும் வைத்தால், மீட்டர் காட்டுவது பாசிட்டிவ் பக்கத்தில் வழியெல்லாம் தொலைந்துபோன மின்னழுத்தம். அதேபோல பேட்டரியின் நெகட்டிவுக்கும் விளக்கின் நெகட்டிவுக்கும் இடையே அளந்தால், திரும்பும் வழியில் தொலைந்தது தெரியும். இதற்கு மீட்டரின் கம்பியை நீட்டிக்க வேண்டியிருக்கும். மீட்டர் வழியே மின்னோட்டம் ஓடுவதில்லை என்பதால் நீட்டிக்கும் ஒயர் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அளவு பிழையாகாது. அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சிலின் இ-11 தரநிலை நேவிகேஷன் விளக்குச் சுற்றில் 3 சதவீதத்துக்கு மேல் இழப்பு கூடாது என்கிறது. 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட், அதுவும் இரு பக்கமும் சேர்த்து.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். பேட்டரியில் 12.4 வோல்ட் இருக்கிறது; பின்விளக்கில் 10.4தான் இருக்கிறது, 2 வோல்ட்டைக் காணவில்லை. பாசிட்டிவ் பக்கத்தில் அளந்தால் 0.2, நெகட்டிவ் பக்கத்தில் அளந்தால் 1.8. இனி ஃபியூஸையும் சுவிட்சையும் பிரித்துப் பார்ப்பது வீண்வேலை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலேயே விட்டுவிட்டு, மறுமுனையை நெகட்டிவ் பஸ்பார் (எல்லா நெகட்டிவ் ஒயர்களும் சேரும் உலோகப் பட்டை), டெர்மினல் பிளாக், பின்பக்கத்து இணைப்பு என்று விளக்கை நோக்கி ஒவ்வொரு படியாக நகர்த்தினால், எந்தப் படியில் எண் சட்டென்று தாவுகிறதோ அந்தப் படியில்தான் பழுது. அந்த இடத்தைக் கையால் தொட்டாலும் வெதுவெதுப்பு தெரியலாம், 1.8 வோல்ட்டை 2 ஆம்பியரோடு பெருக்கினால் மூன்றரை வாட் வெப்பம் அந்தச் சிறு இணைப்பிலேயே வெளியாகிக்கொண்டிருக்கிறது. ஓர் ஒயரைக்கூட அறுக்காமல், ஒரு இணைப்பைக்கூடக் கலைக்காமல் இடத்தைச் சுட்டிக்காட்டும் இத்தகைய சோதனை வேறு இல்லை.

ஓம் அளவில் வைத்து ஒயரின் தடையை அளப்பது இதைவிட நேரடியானது என்று சிலர் கருதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 2 ஆம்பியர் மின்னோட்டத்தில் 0.36 வோல்ட் இழப்பு என்றால், அனுமதிக்கத்தக்க மொத்தத் தடையே 0.18 ஓம்தான், சாதாரண மல்டிமீட்டரின் சோதனைக் கம்பிகளுக்கே அந்த அளவு தடை இருக்கும். எந்த நுண்மையில் நமக்கு விடை வேண்டுமோ அந்த நுண்மையில் அந்தக் கருவிக்குப் பார்வை இல்லை. மேலும் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய சோதனை மின்னோட்டம். பத்தொன்பது இழைகளில் ஒன்று மட்டும் அறுபடாமல் நிற்கும் ஒயரையும் அது ‘நன்று’ என்று ஒலியெழுப்பிச் சொல்லிவிடும். கம்பத்தை இறக்கி வைத்திருக்கும்போது எந்த ஒயர் எந்த முனைக்குப் போகிறது என்று அடையாளம் காணவும், இரு ஒயர்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்க்கவும் மட்டும் இந்த அளவைப் பயன்படுத்தலாம். அதுவும் பேட்டரி இணைப்பைத் துண்டித்த பிறகே.

மின்னோட்டத்தை அளப்பதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: கம்பத்தில் ஏறாமலே, சுவிட்ச் பலகையில் நின்றபடியே அளந்துவிடலாம். 25 வாட் பல்பு உள்ள சுற்றில் 2.1 ஆம்பியர் ஓட வேண்டும். சுழியம் என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. மிகவும் கூடுதல் என்றால் எங்கோ கசிகிறது. ஒயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர்கள் அது நேர்மின்னோட்டத்தை அளக்கக்கூடியதா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மாறுமின்னோட்டத்துக்கு மட்டுமானவை படகில் எதையும் காட்டா. ஆனால் மங்கிய விளக்கைக் கண்டறிய இந்த வழி உதவாது. மின்னழுத்தம் 15 சதவீதம் குறைந்து, ஒளி 40 சதவீதத்துக்கு மேல் போன பிறகும், இழை குளிர்ந்து அதன் தடை குறைவதால் மின்னோட்டம் 9 சதவீதம் அளவே குறைந்திருக்கும். ஏறுவது அவசியமா என்று முடிவு செய்வதற்கு இது நல்ல துணை. தீர்ப்பு சொல்வதற்குப் போதாது.

ஷார்ட் ஆகி ஃபியூஸ் எரிந்துகொண்டே இருந்தால் மேற்சொன்ன எதுவும் பயன்படாது, ஏனெனில் மின்சாரத்தை நிலைநிறுத்தவே முடியாது. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு புதிய ஃபியூஸைப் பலிகொடுப்பதைவிட, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் அந்த 21 வாட் டெஸ்ட் லாம்ப்பையே இணைத்துவிடுவது மேல். ஷார்ட் இருக்கும்வரை அது முழு ஒளியில் எரியும். 2 ஆம்பியருக்கு மேல் ஓட விடாது என்பதால் ஒயர் சூடாகாது. பிறகு சுற்றின் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால், எதைக் கழற்றியதும் லாம்ப் அணைகிறதோ அந்தக் கிளையில்தான் ஒயர் உராய்ந்து உரிந்திருக்கிறது. ‘கொஞ்சம் பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்ப்போம்’ என்ற யோசனையை மட்டும் எந்தச் சூழலிலும் ஏற்கக் கூடாது. ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, ஒயரை. ஒயர் தீப்பிடிக்கும் படகிலிருந்து இறங்கி ஓட இடமில்லை.

சோதிக்கும் நேரமும் ஒரு தேர்வுதான். காய்ந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. பகல் வெயிலில் உலர்ந்து நன்றாக வேலை செய்யும் இணைப்பு, பனி இறங்கிய இரவில் கசியவோ தொடர்பிழக்கவோ தொடங்கும். உச்சிப் பகலில் எல்லாவற்றையும் அளந்து ‘பழுது இல்லை’ என்று எழுதுவதைவிட, விளக்கு அணைந்த அதே மாலை வேளையில் அளப்பது பயனுள்ளது.

பழுதுநீக்கும் வழிகளின் ஒப்பீடு

இழப்பு ஒரே இணைப்பில் குவிந்திருந்தால், ஒயரின் மற்ற பகுதிகள் நன்றாக இருந்தால், அந்த இணைப்பை மட்டும் வெட்டியெறிந்து புதிதாகச் செய்வதே போதும். உப்புத்தாளால் தேய்த்துத் திருப்பி மாட்டுவது அன்றைய இரவுக்கு உதவும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. ஒயரின் முனையை உரித்துப் பார்க்கும்போது செம்பு இழைகள் பளபளப்பாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால், ஈரம் இழைகளுக்கிடையே ஊர்ந்து உள்ளே போயிருக்கிறது. பளபளப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு சாண் வெட்டியும் கறுப்பு தீரவில்லை என்றால் அந்த ஒயரின் காலம் முடிந்தது என்று கொள்வேன். இணைப்பைக் கிரிம்ப் செய்வதா (உலோக முனையை ஒயரின் மேல் அழுத்தி இறுக்குவது), சால்டர் வைப்பதா (ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பது) என்ற பழைய விவாதத்தில் நான் கிரிம்ப் பக்கம். சால்டர் ஒயருக்குள் ஏறி இறுகி நிற்கும் இடத்தின் விளிம்பில், படகின் ஓயாத அதிர்வில் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். சால்டர் மட்டுமே ஒயரைத் தாங்கி நிற்கும் இணைப்பு படகுக்கு ஏற்றதன்று. சரியான கருவியால் அழுத்திய கிரிம்ப்பின் மேல், உட்புறம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கிவிட்டால், காற்றும் உப்பும் உள்ளே போவதில்லை.

இழப்பு ஓர் இடத்தில் குவியாமல் நீளமெங்கும் பரவியிருந்தால் ஒயரே மெல்லியது அல்லது அரித்தது. கணக்கைப் பார்ப்போம். சுவிட்ச் பலகையிலிருந்து கம்பத்தின் உச்சிவரை 20 மீட்டர் என்றால் போகவும் வரவும் 40 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் நெகிழ்செம்பு ஒயரில் அது ஏறத்தாழ 0.53 ஓம், 25 வாட் பல்புக்கு 1.1 வோல்ட் வழியிலேயே போகிறது, அதாவது 9 சதவீதம். 2.5 சதுர மில்லிமீட்டராக மாற்றினாலும் 5 சதவீதத்துக்கு மேல் இழப்பு இருக்கிறது. அதே மெல்லிய பழைய ஒயரில் 3 வாட் எல்இடி விளக்கு ஓடினால் மின்னோட்டம் கால் ஆம்பியர்தான், இழப்பு 0.13 வோல்ட், 1 சதவீதம். ஆகவே ஒயர் அரிக்காமல், வெறுமனே மெல்லியதாக மட்டும் இருந்தால், கம்பத்துக்குள் புதுக் கனத்த ஒயரை இழுப்பதைவிட எல்இடி விளக்கைப் பொருத்துவது அறிவுடைய தேர்வு. அரித்த ஒயருக்கு இந்தச் சலுகை இல்லை. அதை வெள்ளீயம் பூசிய செம்பு ஒயராகவே மாற்ற வேண்டும்.

எல்இடியின் ஆதாயம் அதோடு முடிவதில்லை. மூன்று 25 வாட் பல்புகள் 10 மணி நேர இரவில் 62 ஆம்பியர்-மணி அளவு பேட்டரியைக் கறக்கும். மூன்று இரண்டரை வாட் எல்இடிகள் 6 ஆம்பியர்-மணிதான். பாயில் ஓடும் படகுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் எல்இடியைப் பரிந்துரைக்கும்போது மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று உள்ள எல்இடி, மின்னழுத்தம் 12லிருந்து 10க்கு இறங்கினாலும் அதே ஒளியைத் தரும். இழைப் பல்பு மங்கி முன்கூட்டியே எச்சரிக்கும், எல்இடி எச்சரிக்காது. 1 ஓம் அரிப்பு உள்ள இணைப்பில் இழைப் பல்பு பாதி ஒளிக்கு வந்துவிடும். எல்இடியோ எதுவும் நடவாததுபோல் எரிந்துகொண்டிருந்து, அரிப்பு முற்றிய ஓர் இரவில் ஒரேயடியாக அணையும். மின்னழுத்த இழப்புச் சோதனையும் எல்இடி மாட்டிய சுற்றில் கூர்மை இழக்கிறது, ஏனெனில் கால் ஆம்பியரில் அந்த 1 ஓம் காட்டுவது கால் வோல்ட்தான். அதனால் எல்இடி உள்ள சுற்றைச் சோதிக்கும்போது, விளக்கின் இடத்தில் அந்த 21 வாட் டெஸ்ட் லாம்ப்பைத் தற்காலிகமாக இணைத்து, அதன் பாரத்தில் அளக்க வேண்டும். பழைய மோசமான இணைப்பைச் சரிசெய்யாமல் எல்இடியால் மூடிவிடுவதை நான் பழுதுநீக்கமாகவே எண்ணவில்லை.

எல்இடிக்கு மாறுவதிலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. இவற்றுக்கிடையே எனக்குத் தயக்கமே இல்லை. பழைய கூட்டை வைத்துக்கொண்டு பல்பை மட்டும் எல்இடி பல்பாக மாற்றுவது மலிவான வழி. முழு விளக்கையும் அடைத்து முத்திரையிட்ட எல்இடி விளக்காக மாற்றுவது செலவான வழி. பழைய கூட்டின் கண்ணாடியும் மறைப்பும், மையத்தில் செங்குத்தாக நிற்கும் ஒரு மெல்லிய இழைக்காகக் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. பல முகங்களில் சில்லுகள் ஒட்டிய எல்இடி பல்பை அங்கே வைத்தால், பச்சையும் சிவப்பும் பிரியும் எல்லைக்கோடு கலங்குகிறது. குளிர்ந்த வெள்ளை எல்இடியின் ஒளியில் நீலம் மிகுந்தும் சிவப்பு குறைந்தும் இருப்பதால், பச்சைக் கண்ணாடிக்குப் பின்னே அது நீலம் கலந்தும் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னே மங்கியும் தெரியும். நிறத்தையும் கோணத்தையும் காட்டுவதற்கென்றே இருக்கும் விளக்கில் அவ்விரண்டையும் விட்டுக்கொடுத்துவிட்டு எரிசக்தியை மிச்சப்படுத்துவதில் பொருளில்லை. பழைய பல்போடு சேர்த்து அந்தக் கூட்டுக்குக் கொடுக்கப்பட்ட தரச்சான்றும் அத்தோடு செல்லாததாகிறது. பாயில் சாய்ந்து ஓடும் படகுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். 25 பாகை மேலும் கீழும் தேவையான ஒளியில் பாதியாவது தெரிய வேண்டும் என்று விதிகளின் பிற்சேர்க்கை கேட்கிறது. ஒளியைத் தட்டையான பட்டையாகக் குவிக்கும் மலிவு எல்இடிகள் படகு சாய்ந்ததும் கடலையும் வானத்தையும் நோக்கி எரியும். பாய்மரப் படகுக்கெனச் சான்று பெற்றதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

எல்இடிகளின் உள்சுற்று வானொலி அலைகளைக் கலைக்கக்கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பற்றிப் பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. கம்பத்தின் உச்சியில் விளக்கும் படகின் விஎச்எஃப் ரேடியோ ஆன்டெனாவும் அருகருகே இருப்பதால் அங்கே தொல்லை மிகுதி. ரேடியோவில் அமைதியான ஓர் அலைவரிசையைத் தேர்ந்து, இரைச்சல் அடங்கும் விளிம்பில் ஸ்குவெல்ச்சை (பின்னணி இரைச்சலை அடக்கும் திருகு) நிறுத்தி, விளக்கைப் போட்டதும் இரைச்சல் எழுந்தால் அந்த விளக்கு ரேடியோவின் காதை அடைக்கிறது என்று அறியலாம்.

கம்பத்தின் அடியில் ஒயர் தளத்தைக் கடக்கும் இடம் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் கம்ப விளக்கின் பழுதுகளைத் தேடும்போது நான் முதலில் போகும் இடம் அது. தளத்தின் மேல் பிளக்கும் சாக்கெட்டும் வைப்பது, கம்பத்தை அடிக்கடி இறக்குபவருக்கு வசதி. ஆனால் ஒவ்வொரு அலையும் அதைக் கழுவிச் செல்கிறது, தொடர்ந்து மின்னழுத்தம் இருக்கும் பாசிட்டிவ் ஊசி ஈரத்தில் மற்றதைவிட விரைந்து அரிக்கிறது. நீர்புகா வளையத்தின் வழியே ஒயரை அறுக்காமல் உள்ளே இறக்கி, தளத்துக்குக் கீழே உலர்ந்த இடத்தில் ஒரு டெர்மினல் பெட்டியில் இணைப்பது மற்ற வழி. கம்பத்தை இறக்கும்போது சில நிமிடம் கூடுதலாகும். அந்தச் சில நிமிடங்களைக் கொடுத்துவிடுவதே நல்லது என்பேன். பெட்டிக்குள் நுழையும் முன் ஒயரை ஒரு தொங்கலாக வளைத்துவிட்டால், வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

கடலில் இருக்கும்போது

மேலே சொன்ன எல்லாமே கரையில் கட்டியிருக்கும் படகுக்கு. இரவில், அலையில், ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தால் தேர்வு முற்றிலும் வேறு. அப்போது பழுதைத் தேடுவதைவிட மாற்று விளக்கைக் காட்டுவதே முதற்கடமை. சுவிட்ச் பலகைக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவரால் சுற்றிலும் பார்க்க முடியாது. 7 மீட்டருக்குக் குறைவான பாய்மரப் படகு, முறையான விளக்குகளைக் காட்ட இயலாதபோது, மோதலைத் தவிர்க்கும் அளவு முன்னதாகவே காட்டத் தயாராக ஒரு டார்ச்சை வைத்திருக்க விதிகள் இடம் தருகின்றன. அதைவிடப் பெரிய படகுகள் உள்பேட்டரியில் எரியும் மாற்று விளக்குகளை, நிறத்துக்கொன்றாக, பெட்டியில் வைத்திருப்பது நன்று. மூவண்ண விளக்கும் தளமட்ட விளக்குகளும் தனித்தனி ஒயரில் உள்ள பாய்மரப் படகுக்கு ஒன்று போனால் மற்றொன்று இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒருசேர எரிக்கக் கூடாது, எஞ்சின் ஓடும்போது மூவண்ண விளக்கை எரிக்கவும் கூடாது. நேரமும் அமைதியும் கிடைத்தால், கடலில் செய்யத்தக்க ஒரே சோதனை, பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு நீண்ட ஒயரை எடுத்து அணைந்த விளக்கின் நெகட்டிவ் முனையில் தொடுவது. எரிந்தால் அதையே அன்றிரவுக்குக் கட்டி வைத்துவிடலாம். பாசிட்டிவ் பக்கத்துக்கு இப்படித் தனி ஒயர் இழுப்பதானால் பேட்டரியின் அருகிலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும்.

கரைக்கு வந்து பழுதை நீக்கிய பின், எல்லா விளக்குகளையும் ஒன்றாக எரியவிட்டு, ஒவ்வொன்றின் இரு பக்க இழப்பையும் அளந்து, சுவிட்ச் பலகையின் உட்புறத்தில் தேதியோடு எழுதி ஒட்டிவிட வேண்டும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் 0.1 என்பது 0.3 ஆகியிருந்தால், விளக்கு அணையும் முன்பே எந்த இணைப்பை வெட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். பிறகு இருட்டியதும் சிறு படகில் ஏறிச் சற்றுத் தொலைவு போய், நம் படகை வெளியிலிருந்து சுற்றி வந்து பார்க்க வேண்டும். அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, நேர் எதிரே நின்றால் பச்சையும் சிவப்பும் சேர்ந்து தெரிய வேண்டும். ஓரிரு பாகை ஒரு பக்கம் நகர்ந்தால், மூன்று பாகைக்குள், ஒரு நிறம் மறைந்துவிட வேண்டும். பக்கவாட்டைக் கடந்து இருபத்திரண்டரை பாகை பின்னே வந்ததும் நிறம் மறைந்து பின்விளக்கின் வெள்ளை தொடங்க வேண்டும். வலப்பக்கம் நின்று பார்க்கும்போது தெரிவது பச்சைதானா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். புதிய விளக்குகளைப் பொருத்திய கையோடு நிறங்களை இடம் மாற்றிவிடுவது நடக்கக்கூடியதே, படகின் உள்ளே நிற்பவருக்கு அது தெரியாது.